வசவு மேடு எந்தப் பக்கம்?

"ஒரு மேட்டைத் திருட முடியுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்ஜியாவிடம் இப்படிக் கேட்டவள் இசோலினா. துப்பறியும் தொழிலில் ஆர்ஜியா தொலைந்துபோன நாய்களைக் கண்டுபிடித்திருக்கிறாள். தொலைந்துபோன கணவர்களையும் கண்டுபிடித்திருக்கிறாள். நாய் கிடைத்த வீடுகளில்தான் சந்தோஷம் அதிகமாக இருந்தது. ஆனால் மேடு தொலைந்துவிட்டது என்று யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

"எவ்வளவு பெரிய மேடு?" என்று கேட்டான் துல்லியோ. ஆர்ஜியாவின் உதவியாளன், நாற்பத்தைந்து வயது, அதற்கேற்ற தொப்பை. "சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போற மாதிரியா, இல்ல வண்டி வெச்சுத் தூக்கணுமா?"

"சிஞ்ஞோரா, இவரு எப்பவும் இப்படித்தானா?" என்றாள் இசோலினா.

"சாப்பிடும்போது கொஞ்சம் குறையும். ஏதாவது குடுங்க," என்றாள் ஆர்ஜியா.

இசோலினா ஒரு ரொட்டியைப் பிளந்து பன்றிக்கறி வைத்துத் துல்லியோவிடம் நீட்டினாள். அவளுடைய காப்பிக் கடை பொஜ்ஜோலுப்போ குன்றின் உச்சியில், தேவாலயத்துக்கு எதிரே இருந்தது. கீழே பொந்தேமாக்ரோ ஊரிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி வரும் வெள்ளைச் சரளைப் பாதை நேராக அவள் கடை வாசலில்தான் முடியும். அந்தப் பாதைக்குத்தான் வசவு மேடு என்று பெயர். சைக்கிளில் ஏறுகிறவர்கள் முதல் வளைவில் தங்களைத் திட்டுவார்கள். இரண்டாவது வளைவில் அரசாங்கத்தை. அதற்கு மேல் புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் அப்படியே நிலைத்துப்போய், நகரசபையே பழுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'வசவு மேடு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சைக்கிளும் அம்புக்குறியும் வரைந்து நட்டுவிட்டது.

"ஞாயித்துக்கிழமையானா பொந்தேமாக்ரோ சைக்கிள் கிளப் ஆளுங்க மொத்தமா ஏறி வருவாங்க," என்றாள் இசோலினா. "பாதி உசுரோட வந்து விழுவாங்க. காப்பி குடிப்பாங்க. கடையில கெடக்குற பழைய பேப்பரை எடுத்துச் சட்டைக்குள்ள நெஞ்சுல வெச்சுக்கிட்டு இறங்குவாங்க. ஏறும்போது வேர்வை, இறங்கும்போது காத்து. நனைஞ்ச நெஞ்சுல காத்து பட்டா ஆளு காலிதானே?"

ஆர்ஜியா தலையசைத்தாள். இந்த மலைநாட்டில் எந்த மனிதனும் பிரேக் இல்லாமல் இறங்குவான். நெஞ்சில் காகிதம் இல்லாமல் இறங்கமாட்டான்.

"இப்ப ஒரு மாசமா ஈ காக்கா வரல. பாருங்க, பேப்பர் எப்படிக் குவிஞ்சு கெடக்குதுன்னு."

"கிளப்புல கேட்டீங்களா?"

"தலைவர் ஃபெருச்சியோவுக்குப் போன் போட்டேன். 'என்ன இசோலினா இப்படிச் சொல்றே, ஒவ்வொரு ஞாயிறும் வசவு மேடு ஏறிக்கிட்டுத்தானே இருக்கோம், போன வாரம் நான் சைக்கிளை விட்டு இறங்காமலே ஏறிட்டேன், வீட்டுல முயல் கறி விருந்தே வெச்சாங்க'ங்கறான். என் வாசலைத் தாண்டாம எப்படி ஏற முடியும்? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்? அப்ப என் மேடு எங்க போச்சு?"

"ஒருத்தர் கூடவா வரல?"

"பாதிரியார் வருவார். 'பாவமன்னிப்புக் கேக்க ஆளே இல்ல இசோலினா, இவனுங்க செய்யுற ஒரே உருப்படியான பாவம் அந்த மேட்டுல திட்டறதுதான், அதுவும் போச்சு'ன்னு பொலம்பிட்டுப் போவார். அப்புறம் நெல்லோ வருவான். அதோ."

ஆர்ஜியா திரும்பிப் பார்த்தாள். மூலையில், ஒரு கோப்பைக் கசப்புச் சோடாவுக்கு எதிரே, ஒல்லியாக ஒருவர் கழுத்துவரை சட்டையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கடைக்குள் வந்து இவ்வளவு நேரமாகியும் ஆர்ஜியாவின் கண்ணில் அவர் படவேயில்லை.

"அட, ஆளா?" என்றான் துல்லியோ. "துணி மாட்டுற கம்பின்னு நெனச்சு என் தொப்பியை மாட்டப் பாத்தேன்."

நெல்லோ சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சோடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் அப்படித்தான். பேசமாட்டான். அவனை எந்தக் கணக்குல சேக்குறது?" என்ற இசோலினா, மேலங்கிப் பையிலிருந்து ஒரு பெரிய சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சிஞ்ஞோரா, உங்களுக்கு மத்தியானம் வரைக்கும்தான் நேரம். கட்டடம் ஃபெருச்சியோவோடது. இன்னைக்கு மத்தியானம் கிளப்புக்கே வந்து சாவியைக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். காப்பி போட்டு யாருக்குக் குடுக்கறது, நாற்காலிக்கா? ஜெனோவாவுல என் தங்கச்சி கூப்பிடறா. கடல் பக்கத்துல வீடு." அவள் முகம் சுளித்தது. "எனக்குக் கடலைப் பாத்தாலே எரிச்சல். தட்டையா கெடக்கும்."

மூலையில் சோடாக் கோப்பை லேசாகக் கடகடத்தது.

வெளியே வந்ததும் துல்லியோ தன் மூன்று சக்கர ஆப்பே வண்டியைக் கிளப்பினான். "கேஸ் முடிஞ்சுது சிஞ்ஞோரா. கட்டடம் ஃபெருச்சியோவோடது, கடை காலியானா லாபம் ஃபெருச்சியோவுக்கு. திருடன் ஃபெருச்சியோ. வாங்க சாப்பிடப் போகலாம்."

"வாயில என்ன?"

"இது காலைச் சாப்பாடு."

"முதல்ல திருடு போன பொருளைக் கண்டுபிடி. பிரேக் இருக்கா?"

"நம்பிக்கை இருக்கு," என்றான் துல்லியோ.

வசவு மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆப்பே வண்டி அதில் இறங்கியதைவிட விழுந்தது என்பதே சரி. ஆர்ஜியாவும் வழியில் ஒன்றிரண்டு புனிதர்களைக் கூப்பிட்டாள்.

அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே பலகை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. யாரோ அதில் மண் போட்டு மூடி, மேலே கொஞ்சம் புல்லையும் பிடுங்கி நட்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா, மேடு இங்க அடக்கம் ஆயிருக்கு," என்றான் துல்லியோ. "பூ வைக்கணுமா?"

"மேட்டைத் திருடல துல்லியோ. பேரைத் திருடியிருக்கான். இன்னொரு பாதையில விடு வண்டியை."

இன்னொரு பாதை சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே சோம்பேறித்தனமாகப் போனது. கொஞ்ச தூரத்தில், வயலோரமாக, அந்தப் பலகை கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. வசவு மேடு. சைக்கிள். அம்புக்குறி. கீழே சிவப்பில்: 'எச்சரிக்கை, மிகச் செங்குத்து.'

துல்லியோ சுற்றிலும் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு பீச் பழத்தை எடுத்துச் சாலை நடுவில் வைத்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். பழம் யோசித்தது. கொஞ்சம் அசைந்தது. பிறகு மனதை மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

"இதுல வசவு பாடணும்னா வேற காரணம் வேணும்," என்றான் துல்லியோ, பழத்தைத் துடைத்துக் கடித்தபடி.

ஆர்ஜியா பலகையின் பின்பக்கம் போனாள். திருகாணிகள் நான்கும் துடைத்து எண்ணெய் போடப்பட்டிருந்தன. கம்பத்தோடு உரசாமலிருக்க, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி நடுவில் கொடுத்திருந்தது.

"இது அவசரத்துல செஞ்ச வேலை இல்ல," என்றாள். "மரியாதையா செஞ்சிருக்கான். பலகைக்கு வலிக்கக் கூடாதுன்னு பாத்திருக்கான்."

"அப்ப ஃபெருச்சியோ இல்ல. அவன் ஆணி அடிச்சாலே சுவர் அழும்."

அப்போது சாலையின் கீழ்ப்பக்கம் கூச்சல் கேட்டது. கிளப் வந்துகொண்டிருந்தது. கம்பளி உடையில் நடுவயதுக்காரர்கள் ஒரு பெரும் கும்பலாக. முன்னால் ஃபெருச்சியோ, மரச்சாமான் கடை முதலாளி, அலமாரி போலவே அகலம். பலகையைக் கண்டதும் கிளப் முழுவதும் ஒரே நேரத்தில் மாறியது. எல்லோரும் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார்கள். தோள்கள் ஆடின. பற்கள் கடிபட்டன.

"பன்னிப் பொழப்பு!" என்று கத்தினார் ஃபெருச்சியோ.

"நாசமாப் போற நகரசபை!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், சட்டமன்றத்தையும் சேத்துக்கோ!"

ஒருவர் புனித அந்தோனியாரைக் கூப்பிட்டுவிட்டு, அதற்கான மூச்சிரைப்பை மறந்து, பிறகு நினைவு வந்து இரைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு மேடு, ஃபெருச்சியோ?" என்று கேட்டாள் ஆர்ஜியா, அவர் பக்கத்தில் சாவகாசமாக நடந்தபடி.

"பயங்கரம் சிஞ்ஞோரா! உசுரு போகுது! ஆனா வளைவுக்கு அப்புறம் சமமாயிடும்!"

மேட்டில் திணறுகிறவனிடம் இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பொய் அது. வளைவுக்கு அப்புறம் எந்த மேடும் சமமானதில்லை.

"வளைவுக்கு முன்னாடியே சமமாத்தானே இருக்கு?" என்றான் துல்லியோ. "நீங்க திட்டறதுக்கு அந்தோனியார் எறங்கி வந்து பாத்தார்னா, வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிடுவார்."

ஃபெருச்சியோவுக்கு அது காதில் விழவில்லை. விழாதபடி அவர் மேலும் பலமாக மூச்சிரைத்தார். 'உச்சி'யை அடைந்ததும் கிளப் நின்றது. ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவரும் முதுகுப் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து, மிகுந்த கவனத்தோடு நெஞ்சுக்குள் சொருகி, இல்லாத இறக்கத்தில் இறங்க ஆயத்தமானார்கள்.

ஆர்ஜியா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"துல்லியோ, பலகையைக் கழட்டி வண்டியில போடு. கிளப்புக்குப் போவோம்."

"திருடன் யார்னு தெரிஞ்சுதா?"

"திருடன் யார்னு காட்டறதைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுப் போறாங்க."

பொந்தேமாக்ரோ சைக்கிள் கிளப் ஊர்ச் சதுக்கத்தில், ஒரு பழைய தானியக் கிடங்கில் இருந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஏற்கெனவே வெற்றிக் கொண்டாட்டம். ஆர்ஜியாவுக்குச் சற்றுப் பின்னால், கறுப்பு உடை போட்டுக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்தபடி இசோலினா வந்தாள். அவளைக் கண்டதும் பேச்சு அடங்கியது.

"வா இசோலினா," என்றார் ஃபெருச்சியோ, அவள் முகத்தைப் பார்க்காமல். "அவசரம் ஒண்ணுமில்லையே..."

"அவசரம்தான். மூணு மணிக்கு ரயில்." இசோலினா சாவியை அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

அப்போது கதவு திறந்தது. நெல்லோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"வந்துட்டாருய்யா நத்தை மகராசன்!" என்று ஒருவர் கத்த, கிளப் சிரித்தது. "ஒரு மாசமா இதே கூத்துதான் சிஞ்ஞோரா. எங்க சைக்கிளையெல்லாம் ரிப்பேர் பண்றது இவன், ஆனா எல்லாருக்கும் கடைசியா வர்றதும் இவன்தான்!"

"அடடே, துணி மாட்டுற கம்பி!" என்றான் துல்லியோ.

ஆர்ஜியா மேசையைத் தட்டினாள். "வசவு மேட்டை இன்னைக்கு யாரெல்லாம் ஏறினீங்க?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. நெல்லோவின் கை மட்டும் உயரவில்லை.

"நல்லது. நெஞ்சுல இருக்குற பேப்பரை எடுத்து மேசைமேல வைங்க."

"அது... எதுக்கு?" என்றார் ஃபெருச்சியோ.

"சும்மா படிக்கத்தான்."

செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. துல்லியோ அவற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான்.

"மொறுமொறுன்னு இருக்கு. இது இஸ்திரி போட்ட மாதிரி. இதைத் திரும்பக் கடையில குடுத்தா வாங்கிக்குவான். இது ஃபெருச்சியோவோடதா? தேதியைப் பாருங்க, இதுல இன்னும் மே மாசமே முடியல." அவன் நிமிர்ந்தான். "சிஞ்ஞோரா, இத்தனை பேர் செங்குத்து மேடு ஏறி ஒரு சொட்டு வேர்வை இல்ல. இவங்களை ஆஸ்பத்திரியில காட்டணும்."



"நெல்லோ, உங்களோடது?" என்றாள் ஆர்ஜியா.

நெல்லோ சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். துல்லியோ மெதுவாக அந்தக் கைகளை விலக்கிக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான். உள்ளே செய்தித்தாள் இல்லை; பாலில் ஊறிய ரொட்டி மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பிய்த்து எடுத்தபோது நெல்லோவின் நெஞ்சில் மை ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தோலில் வரிவரியாக, இடவலம் மாறிய எழுத்து.

துல்லியோ சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு நேரே அவரைத் திருப்பிப் படித்தான். "வானிலை. நாளை... பலத்த காற்று."

"இதுதான் விஷயம்," என்றாள் ஆர்ஜியா. "பலகையை மாத்தினவனுக்கு மேடு பிடிக்காதுன்னு நான் முதல்ல நெனச்சேன். அது தப்பு. மேடு பிடிக்காதவங்க இதோ இங்க உக்காந்திருக்காங்க. அவங்களுக்குத் திருகாணியைக் கழட்டத் தெம்பு இல்ல. மேடு வேணும்னு நெனச்சவன்தான் மாத்தியிருக்கான். தனக்கே தனக்குன்னு வேணும்னு நெனச்சவன். பொஜ்ஜோலுப்போ உச்சியில ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்கணும்னு."

"காலையில கடையில உக்காந்து நாம பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தார்?" என்றான் துல்லியோ. "துப்பறியற ஆள் வந்தாச்சுன்னு தெரிஞ்சும் நெஞ்சுல பேப்பரோட எறங்கி வந்திருக்காரே!"

"ஜெயிலுக்குப் பயப்படல. சளிக்குப் பயந்துட்டார்."

கிளப்புக்கு இப்போது மூச்சு வந்தது. "திருட்டுப் பயலே!" என்று எழுந்தார் ஃபெருச்சியோ. "எங்க மேட்டைத் திருடி, எங்களை ஏமாத்தி... போலீசைக் கூப்பிடுங்க!"

"கூப்பிடலாமே," என்றாள் ஆர்ஜியா. "போலீஸ் கேக்கும், 'முப்பது வருஷமா ஏறின மேடு, பலகை மாறினதும் தெரியலையா'ன்னு. என்ன சொல்லுவீங்க?"

"பலகையில எழுதியிருந்துச்சு," என்றார் ஒருவர் பலவீனமாக. "நகரசபை எழுதினா அது சட்டம்தானே? மேட்டை மாத்திட்டாங்க போலன்னு..."

"சரி. அதே கதையை உங்க வீட்டம்மாங்ககிட்டயும் சொல்லிடறேன். ஃபெருச்சியோ, வசவு மேட்டை இறங்காம ஏறினதுக்கு உங்க வீட்டுல விருந்து வெச்சாங்களாமே? முயல் கறி."

ஃபெருச்சியோ உட்கார்ந்தார். அலமாரி விழுந்த மாதிரி சத்தம் வந்தது.

"அடுத்த ஞாயிறு," என்றாள் ஆர்ஜியா, "கிளப் மொத்தமும் உண்மையான மேட்டுல ஏறும்."

"எனக்கு முழங்கால்..."

"என் பேத்திக்கு ஞானஸ்நானம்..."

"டாக்டர் என்னைத் திட்டவே கூடாதுன்னுட்டார்..."

"தள்ளிக்கிட்டாவது ஏறுங்க. திட்டிக்கிட்டு ஏறுங்க. பாதிரியாரும் பொழைக்கணும்ல?" என்றான் துல்லியோ.

ஃபெருச்சியோ தன் தலைவிதியைப் பார்ப்பதுபோல் சாவியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதை இசோலினாவிடமே தள்ளினார். "வெச்சுக்கோ தாயே. ஞாயித்துக்கிழமை காப்பி ரெடியா இருக்கட்டும். நாற்காலியும். படுக்கற மாதிரி நாற்காலி."

இசோலினா சாவியை எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் ஃபெருச்சியோவைப் பார்க்கவில்லை. பொத்தான் திறந்த சட்டையோடு, நெஞ்சில் வானிலையோடு நின்றுகொண்டிருந்த நெல்லோவையே பார்த்தாள்.

"உன்னால நான் ஜெனோவா போயிருப்பேன், தெரியுமா?" என்றாள்.



"அவர் ஏதோ சொல்ல வந்திருக்கார் உங்ககிட்ட," என்றாள் ஆர்ஜியா. "கூட்டத்துல சொல்ல முடியல. அதனால கூட்டத்தை அப்புறப்படுத்திட்டார்."

"நாலு ஞாயிறு தனியாத்தானே உக்காந்திருந்தான்?" இசோலினாவின் குரல் உயர்ந்தது. "சோடான்னு கூடச் சொல்லலையே சிஞ்ஞோரா! புட்டியைக் கையால காட்டினான்! ஒரு மேட்டையே பேர்த்து எடுத்து வெக்கத் தெரிஞ்சவனுக்கு..." அவள் நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. கோபமா என்று சொல்ல முடியவில்லை. "சரி. இப்ப சொல்லு நெல்லோ. என்ன சொல்ல வந்தே?"

கிடங்கு முழுவதும் முன்னால் சாய்ந்தது. ஃபெருச்சியோ வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். துல்லியோ மெல்லுவதை நிறுத்தினான். ஆர்ஜியாவுடன் வேலை பார்த்த காலத்தில் முதல் தடவை.

நெல்லோ வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். குரல்வளை மேலே ஏறி, வசவு மேட்டில் சைக்கிள் மாதிரி பாதியில் நின்று, கீழே இறங்கியது.

பிறகு அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். மேசையிலிருந்து, மே மாதம் முடியாத அந்த உலர்ந்த செய்தித்தாளை எடுத்து நெஞ்சுக்குள் வைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். சாவியைப் பிடித்தபடி முன்னால் இசோலினா.

நெல்லோ ஆப்பே வண்டியின் பின்புறம் போய்ப் பலகையைத் தூக்கினார். கைக்குட்டையால் அதில் ஒட்டியிருந்த பன்றிக்கறிக் கொழுப்பைத் துடைத்தார். பழைய டியூபைத் தோள் வழியாகச் சுற்றிப் பலகையை முதுகில் கட்டிக்கொண்டார். சைக்கிளில் ஏறினார்.

சதுக்கத்தைக் கடந்து போகும் அவர் முதுகை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பலகையின் அம்புக்குறி இடதுபக்கம் காட்டியது. அவர் வலதுபக்கம் திரும்பி, ஒரு வார்த்தை பேசாமல், பலகையின் பழைய குழியும் இசோலினாவின் கடையும் இருக்கும் பொஜ்ஜோலுப்போவை நோக்கி மிதித்துக்கொண்டு போனார்.